காய்ச்சலும் பாய்ச்சலும்

கொரிய மொழி படிக்கும் நம் பிள்ளைகளின் நோட்டைப் பிரித்தால் பெரும்பாலும் மூன்று பத்திகள் இருக்கும். இடப்பக்கம் கொரியச் சொல், நடுவில் ஆங்கில எழுத்தில் அதன் உச்சரிப்பு, வலப்பக்கம் ஆங்கிலத்தில் பொருள். ஒவ்வொரு சொல்லையும் பத்து முறை, இருபது முறை எழுதிப் பார்த்திருப்பார்கள். முக்கியமான சொற்களின் மேல் மஞ்சள் மை பூசியிருக்கும். 1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்ததிலிருந்து கொரிய மொழி தெரிந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் வேலை உண்டு. கொரியத் தொடர்களும் பாடல்களும் கைபேசிக்குள் வந்த பிறகு மன்னார்குடியிலும் பட்டுக்கோட்டையிலும்கூட ஆசைக்காகப் படிக்கிறவர்களைப் பார்க்கலாம். உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மாதம் போனதும், "படிக்கும்போது எல்லாம் தெரியுது, புத்தகத்தை மூடினா ஒண்ணும் நிக்கல" என்பார்கள். பழியைத் தங்கள் ஞாபகசக்தியின் மேல் போட்டுக்கொண்டு பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

அவர்களுடைய ஞாபகசக்தியில் கோளாறு எதுவும் இல்லை. படிக்கும் முறைதான் அவர்களை ஏமாற்றுகிறது. எப்படி ஏமாற்றுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் ஜெஃப்ரி கார்பிக்கியும் ஹென்றி ரோடிகரும் 2008-இல் ஒரு சோதனையில் தெளிவாகக் காட்டினார்கள். கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களையும் அவற்றின் ஆங்கிலப் பொருளையும் கொடுத்தார்கள். ஒரு சொல்லுக்கு ஒருமுறை சரியாகப் பதில் சொல்லிவிட்டால், அதற்கப்புறம் சில குழுவினருக்கு அதைப் படிக்க மட்டும் கொடுத்தார்கள், கேள்வி கேட்கவில்லை. வேறு சிலரிடம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், படிக்கத் தரவில்லை. முதல் நாள் முடிவில் எல்லோருக்கும் 40 சொற்களும் தெரிந்திருந்தன. ஒரு வாரம் கழித்து எத்தனை நினைவிருக்கும் என்று கேட்டபோது எல்லாக் குழுவினரும் ஏறக்குறைய பாதி என்றே சொன்னார்கள். நடந்தது வேறு. கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தவர்களுக்குச் சுமார் 80 சதவீதம் நினைவில் நின்றது. திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு நின்றது சுமார் 35 சதவீதம். கூடுதலாகப் படித்ததால் வந்த லாபம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

இந்த ஆய்வில் என்னை அதிகம் பாதித்தது, தங்கள் நினைவைப் பற்றி அந்த மாணவர்களே போட்ட கணக்கு அவ்வளவு தவறாக இருந்ததுதான். கண்ணெதிரே இருக்கும் சொல் பழக்கமான முகம் போலத் தோன்றுகிறது. தெரியும் என்று மனம் சொல்லிவிடுகிறது. பக்கத்தை மூடிவிட்டு, உள்ளே தேடி, அந்தச் சொல்லை வெளியே இழுத்துவரும்போது நடப்பது முற்றிலும் வேறொரு வேலை. அந்தத் தேடல்தான் பாதை போடுகிறது. இருபது முறை பார்த்து எழுதுகிறவர் முதல் முறைக்குப் பிறகு எதையும் தேடுவதில்லை, கை மட்டும் ஓடுகிறது.

தஞ்சைச் சீமையின் திண்ணைப் பள்ளிகளுக்கு இந்த உண்மை ஏதோ ஒரு வகையில் தெரிந்திருந்தது. பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855-இல் பிறந்த உ.வே. சாமிநாதையர், அந்தக் காலத்துப் பள்ளிகளின் ஒரு வழக்கத்தை 'என் சரித்திரம்' நூலில் பதிந்திருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று ஏதாவது சொல்லி அனுப்புவார்கள். மறுநாள் காலையில் மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். ஓலையில் குறித்துக் கொடுப்பதில்லை, காதில் சொல்வதோடு சரி. எவ்வளவு சின்ன விஷயம்! ஆனால் இன்றைய நினைவியல் மெச்சும் இரண்டு காரியங்கள் அதற்குள் இருக்கின்றன. பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது ஒன்று, நடுவே ஓர் இரவு கழிய விடுவது மற்றொன்று. அந்தப் பள்ளிகளின் பிரம்படியையும் கொடுமையான தண்டனைகளையும் நான் போற்றவில்லை. அவை ஒழிந்தது நல்லது. மனப்பாடம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் நாம், அடியோடு சேர்த்து இந்த நல்ல பழக்கத்தையும் வெளியே எறிந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

இரவு கழிவது ஏன் முக்கியம்? ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-இல் வெளியிட்ட சிறிய நூல் இதை முதன்முதலில் அளந்து சொன்னது. பொருளற்ற அசைகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். ஒரு வரிசையை மனப்பாடம் செய்தபின் மறுபடி கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பது அவருடைய அளவுகோல். ஒரு மணி நேரத்தில் மிச்சம் 44 சதவீதமாகச் சரிந்தது. ஒரு நாளில் 34. ஆனால் ஒரு மாதம் கழித்தும் 21 சதவீதம் இருந்தது. மறதி முதல் சில மணி நேரத்தில் வெள்ளம் போல வருகிறது, பிறகு அடங்கிவிடுகிறது. இன்னொன்றும் கண்டார். ஒரே நாளில் 68 முறை ஓதிய பலனை, மூன்று நாட்களுக்குப் பிரித்து ஓதியபோது 38 முறையிலேயே அடைய முடிந்தது.

டெல்டா விவசாயி இதைக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பார். நெல் வயலில் எந்நேரமும் தண்ணீர் கட்டி வைக்க வேண்டியதில்லை. கட்டிய நீர் வற்றி மண்ணில் மயிரிழை போல வெடிப்பு தெரியும் தருணத்தில் மறுபடி பாய்ச்சினால் வேருக்குக் காற்று கிடைக்கிறது, தண்ணீரும் மிச்சமாகிறது. வெடிப்பு அகலமாகும்வரை விட்டால் பயிர் வாடிவிடும். நினைவுக்கும் அந்தத் தருணம்தான் தேவை. சொல் முழுக்க மறக்கவில்லை, ஆனால் சட்டென்று நாவில் வரவும் இல்லை என்ற நிலையில் தேடி எடுத்தால் அது முன்னைவிட ஆழமாகப் போய் உட்காருகிறது.

இடைவெளி எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஒரு குடும்பமே சாட்சி. உளவியலாளர் ஹாரி பாரிக், அவர் மனைவி, இரண்டு மகள்கள் ஆகிய நால்வரும் ஆளுக்கு 300 அயல்மொழிச் சொற்களை 14, 28, 56 நாள் இடைவெளிகளில் படித்து, அதன்பின் ஐந்தாண்டு வரை தங்களைச் சோதித்துக்கொண்டார்கள். 1993-இல் வந்த முடிவு இது: 56 நாளுக்கு ஒருமுறை உட்கார்ந்த 13 அமர்வுகள், 14 நாளுக்கு ஒருமுறை உட்கார்ந்த 26 அமர்வுகளுக்குச் சமமான நினைவைத் தந்தன. பாதி உழைப்பில் அதே விளைச்சல். ஆனால் நீண்ட இடைவெளியில் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் நிறைய மறந்துபோயிருக்கும், முன்னேற்றமே இல்லை என்று தோன்றும். அந்தத் தோற்றத்தைப் பொறுத்துக்கொள்கிறவருக்கே அது பலிக்கும். இந்த இடைவெளிக் கணக்கை இன்று ஆங்கி போன்ற இலவச மென்பொருள்கள் நமக்காகப் போட்டுவிடுகின்றன. கைபேசி இல்லாவிட்டால் அட்டைகளும் நான்கைந்து பெட்டிகளும் போதும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறியது முதல் பெட்டிக்குத் திரும்பும். அடுத்தடுத்த பெட்டிகளை மேலும் மேலும் அரிதாகத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

அயல்மொழி ஒன்றை முழு வேகத்தில் கற்ற ஒரு மனிதரின் தினசரி நிரலே நம்மிடம் இருக்கிறது. அது எழுதப்பட்டது இதே காவிரிக் கரையோரத்தில், காவிரி கடலில் கலக்கும் பூம்புகாருக்குத் தெற்கே உள்ள தரங்கம்பாடியில். தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-இல் டேனிஷ்காரர்களுக்கு அனுமதித்த துறைமுகம் அது. 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்திறங்கினார் பார்த்தலோமேயு சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார். வயது 24 நிறைய ஒரு நாள் பாக்கி. தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அச்சிட்ட அகராதி கையில் இல்லை. ஒரு முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியரைத் தன் வீட்டிலேயே பள்ளியை நடத்தச் சொல்லி, சிறுவர்களோடு சேர்ந்து மணலில் விரலால் அகரம் எழுதினார். ஆசிரியருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாததால் எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. அதன்பின் போர்த்துகீசியமும் வேறு ஐரோப்பிய மொழிகளும் அறிந்த அழகப்பன் என்ற மொழிபெயர்ப்பாளரை அமர்த்திக்கொண்டார்.

இரண்டாண்டு போனதும் அவருடைய ஒரு நாள் எப்படி ஓடியது என்பதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். காலை 7 முதல் 8 வரை, முன்பே கற்று எழுதி வைத்த சொற்களையும் தொடர்களையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பது. 8 முதல் 12 வரை இதுவரை படிக்காத தமிழ் நூல்களை மட்டும் படிப்பது. பக்கத்தில் ஒரு முதிய புலவரும் ஓர் எழுத்தரும் இருப்பார்கள். புதிய சொல் வந்தால் எழுத்தர் உடனே குறிப்பார். செய்யுள் கடினமாக இருந்தால் புலவர் அதைப் பேச்சுத் தமிழில் விளக்குவார். சாப்பிடும்போதும் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். மாலை 3 முதல் 5 வரை மறுபடி வாசிப்பு. இரவு 7 முதல் 8 வரை, கண்ணுக்குச் சிரமம் தராமலிருக்க, பிறர் படிக்கக் கேட்பது.

இந்த நிரலை நினைவியல் தெரிந்த ஒருவர் இன்று உட்கார்ந்து திட்டமிட்டாலும் பெரிதாக மாற்ற மாட்டார். பழையதற்கு ஒரு மணி, புதியதற்குப் பல மணி. காலையில் கண்ணுக்கு, சாப்பாட்டு வேளையிலும் இரவிலும் காதுக்கு. புதிய சொல் ஒன்றுகூடப் பட்டியலிலிருந்து வரவில்லை, ஒவ்வொன்றும் ஒரு கதையிலோ பாட்டிலோ உட்கார்ந்தபடிதான் வந்தது. ஐயம் வந்த கணமே தீர்க்க ஆள் இருந்தது. ஒரே ஆசிரியரின் நூலைச் சில சமயம் நூறு முறை படித்ததாகவும் அவர் எழுதுகிறார். மறுவாசிப்பு பலவீனமான முறை என்று மேலே சொன்னேன், இது முரணாயிற்றே என்று தோன்றலாம். எதற்காக அப்படிப் படித்தார் என்பதையும் அவர் சொல்கிறார். பேச்சிலும் எழுத்திலும் தான் பின்பற்றத்தக்க நடை உள்ள ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய ஒவ்வொரு தொடரையும் தானே கையாள முடிகிறவரை படித்திருக்கிறார். படித்ததை உடனுக்குடன் வாயாலும் கையாலும் திருப்பிச் செய்தார். மஞ்சள் மை பூசுவது இந்த வகையில் சேராது.

விளைவு என்ன? 1708-இல் அவர் தொகுத்திருந்த சொற்கள் 20,000 அளவில் இருந்தன. அதே ஆண்டு தான் திரட்டிய 119 தமிழ் நூல்களுக்கு விளக்கப் பட்டியல் எழுதினார். 1715-இல் அவருடைய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு தரங்கம்பாடியிலேயே அச்சேறி முடிந்தது. எழுத்தரையும் புலவரையும் அமர்த்த அவருக்கு வசதி இருந்தது, நாள் முழுவதும் நேரமும் இருந்தது. அந்த வசதி இல்லாத கல்லூரிப் பிள்ளை அவருடைய நாளிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது அதன் அமைப்பை. அரை மணி நேரத்திலும் அதே அமைப்பு நிற்கும்: பழையதைப் பார்க்காமல் சொல்லிப் பார்க்கப் பத்து நிமிடம், இதுவரை காணாத ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கப் பத்து நிமிடம், கண்ணை மூடிக் கேட்கப் பத்து நிமிடம்.

தொடக்கத்தில் பார்த்த கொரிய நோட்டின் நடுப் பத்திக்கும் வலப் பத்திக்கும் இப்போது வருகிறேன். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், கொரியத்தில் தேர்ச்சி பெற 2200 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறது. இதைப் படித்து மலைத்துப்போகிறவர்கள் நம்மில் உண்டு. அது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குப் போட்ட கணக்கு. "நேற்று கும்பகோணத்தில் தங்கையுடன் சோற்றைச் சாப்பிட்டேன்" என்ற வாக்கியத்தைக் கொரியத்தில் சொல்ல ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டாம். 'இல்' வரும் இடத்தில் 'எஸொ', 'உடன்' இருக்கும் இடத்தில் 'க்வா', 'ஐ'க்கு 'உல்' என்று பெயரின் வாலிலேயே உருபு ஒட்டும். 'சாப்பிட்டுப் பார்' என்று நாம் சொல்வதுபோலவே அவர்களும் 'சாப்பிடு' என்பதோடு 'பார்' என்ற வினையைச் சேர்த்து 'மொகொ போதா' என்கிறார்கள். முயன்று பார்ப்பது என்ற அதே பொருள்தான். ஆங்கில வழிப் புத்தகம் இதற்குத் தனிப் பாடம் எழுதி விளக்க வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பிள்ளை அந்த விளக்கத்தை ஆங்கிலத்தில் படித்து, புரியாமல் குழம்பி, மனப்பாடம் செய்கிறது! இது பெரிய வீண் செலவு. வாக்கியங்களைத் தமிழிலிருந்து நேரே கொரியத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இந்த ஒற்றுமையைப் பார்த்து 1905-இல் ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர், கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. ஜப்பானியம், துருக்கியம் போன்ற மொழிகளும் இதே அமைப்பு உடையவை. இரண்டு மொழிகளிலும் உள்ள 'அப்பா'வைக் காட்டி உறவு கொண்டாடுவதைவிட, அமைப்பு ஒத்திருப்பதால் கிடைக்கும் உதவியைப் பயன்படுத்திக்கொள்வது மேல்.

ஒலியிலும் அந்த உதவி உண்டு. மன்னர் செஜோங் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தில் ஒரே ககரம் சொல்லின் முதலில் வலிந்தும், இரண்டு உயிர்களுக்கு நடுவில் மெலிந்தும் ஒலிக்கும். 'குடம்' என்பதில் டகரத்தையும் 'அது' என்பதில் தகரத்தையும் மெலித்துச் சொல்லும் நமக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. காலணிக்கான சொல்லைத் தமிழில் 'குடு' என்று எழுதிப் படித்தால் ஒலி கிட்டத்தட்ட சரியாக வந்துவிடும். ஆங்கில எழுத்தில் எழுதினால் எந்த எழுத்தைப் போடுவது என்ற குழப்பம் முதல் நாளே தொடங்கும். உதடு குவியாத கொரிய உகரமும் ஆங்கிலேயருக்குத்தான் தலைவலி. 'காது', 'ஆறு' என்று சொல்லும்போது இறுதியில் நாம் ஒலிக்கும் குற்றியலுகரம் அதற்கு மிக அருகில் நிற்கிறது.

டெல்டாப் பிள்ளைக்கு இன்னும் ஒரு சீதனம் காத்திருக்கிறது. கொரியாவும் நெல் விளையும் நாடு. வயலில் நிற்கும் நெல் 'பியொ', குத்தி எடுத்த அரிசி 'ஸ்ஸால்', வடித்த சோறு 'பாப்'. நாற்று 'மோ', நடவு 'மோனேகி'. தண்ணீர் கட்டும் நஞ்சை 'நோன்', புஞ்சை 'பாத்'. ஆங்கிலத்தின் வழியே இவற்றைப் படிக்கிறவர் பல பொருள்களை ஒரே சொல்லுக்குள் அடைக்க வேண்டும், அல்லது நீண்ட விளக்கம் படிக்க வேண்டும். திருவாரூரில் வளர்ந்தவருக்கு இந்த ஏழு பொருளுக்கும் மனதில் தனித்தனி இடம் ஏற்கெனவே இருக்கிறது, பெயர்ப்பலகையை மட்டும் மாட்டினால் போதும். தெரிந்ததன் மேல் உட்காரும் புதுச் செய்தி எவ்வளவு எளிதாக நிற்கிறது என்பதை 1972-இல் பிரான்ஸ்ஃபோர்டு, ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். துணி துவைப்பது பற்றிய, ஆனால் அப்படி எங்கும் சொல்லாத ஒரு பத்தியை வாசித்துக் காட்டினார்கள். எதைப் பற்றியது என்று முன்கூட்டியே அறிந்தவர்கள், அறியாதவர்களைப் போல இருமடங்கு நினைவுகூர்ந்தார்கள். அதனால் கொரியப் பாடநூலின் முதல் பாடம் விமான நிலையத்தில் தொடங்கினாலும், தஞ்சைப் பிள்ளை தன் வீட்டு அடுப்படியிலும் வரப்பிலும் தொடங்கட்டும் என்பேன்.

தமிழ் உதவாத இடமும் உண்டு, அங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். கொரியத்தில் தகரம் மூன்று வகை: மெல்லெனத் தொடங்குவது, மூச்சோடு வெடிப்பது, தொண்டையை இறுக்கிச் சொல்வது. மூன்றிலும் ஒரே உயிரும் லகரமும் சேர்ந்தால் முறையே நிலா, முகமூடி, மகள் என்று பொருள் மாறும். சொல்லின் நடுவில் வரும் இறுக்கமான ஒலி நம் 'த்த', 'க்க' போல இருப்பதால் பிடிபடும். சொல்லின் முதலில் வந்தால் நம் காது தடுமாறுகிறது. இன்றைய சியோல் பேச்சில் முதல் இரண்டையும் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அடுத்து வரும் உயிரின் சுருதிதான். மூச்சொலிக்குப் பின் குரல் மேலே நிற்கும், மெல்லொலிக்குப் பின் தாழ்ந்து தொடங்கும். இதைப் புத்தகம் சொல்லித்தராது, காதுதான் பழக வேண்டும்.

காதைப் பழக்கும் வழியையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ரகரத்தையும் லகரத்தையும் பிரித்தறியத் திணறும் ஜப்பானியருக்கு, 1991-இல் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலருடைய குரல்களில் பதிந்த சொற்களைப் போட்டுக்காட்டி, ஒவ்வொன்றுக்கும் உடனே சரி, தவறு சொன்னார்கள். புதிய குரல்களிலும் அவர்களால் பிரிக்க முடிந்தது. ஒரே குரலில் பழகியவர்களுக்குப் பிறர் குரலில் அந்தத் திறன் வரவில்லை என்பது 1993-இல் தெரிந்தது. ஒரே ஆசிரியரின் காணொளியை வருடக்கணக்காகப் பார்க்கிறவர்களுக்கு இது நேரான செய்தி. ஆண், பெண், கிழவர், குழந்தை, செய்தி வாசிப்பவர், சந்தையில் மீன் விற்பவர் எல்லோருடைய குரலும் வேண்டும். விடையை முதலில் ஊகித்துவிட்டுப் பிறகு பார்க்க வேண்டும்.

கற்றதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுப்பது மிச்சமிருக்கிறது. திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்வான். சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தன் இல்லத்தில் புகுத்தினார். சிறுவர்களையே ஆசிரியர்களாக்கினார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பெல் அதில் கண்ட லாபங்களில் ஒன்று பணச் சிக்கனம். சொல்லிக்கொடுக்கிறவனுக்கும் பலன் உண்டு என்பதை இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. பிறருக்குக் கற்பிக்கப் போகிறோம் என்று நம்பிப் படித்தவர்கள், தேர்வுக்கென்று படித்தவர்களைவிடக் கூடுதலாகவும் ஒழுங்காகவும் நினைவுகூர்ந்ததை 2014-இல் ஜான் நெஸ்டாய்கோ குழுவினர் பதிவு செய்தார்கள்.

சீகன்பால்கு 1714-இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞர் கூடவே சென்றார். கடலில் மாதக்கணக்காக நீடித்த அந்தப் பயணத்தில், இனி தமிழ் கற்க வரப்போகும் ஜெர்மானியர்களுக்காக லத்தீனில் ஒரு தமிழ் இலக்கணத்தை எழுதினார். பக்கத்தில் ஐயம் கேட்க ஒருவர், எதிரே இன்னும் வராத மாணவர்கள், கையில் தான் கற்றது. 1716-இல் ஹாலே நகரத்தில் 'கிரமாட்டிகா தமுலிகா' என்ற பெயரில் அது அச்சாகி வெளிவந்தது.